வாசகர் மன்றத்தில் ஒரு மன்னன்

(ஜோசபின் டேயின் ‘காலத்தின் மகள்’ பெற்ற வரவேற்பும் மறுப்பும்)



இலக்கிய மேடைகளில் துப்பறியும் புதினத்திற்கு இருக்கை கிடைப்பது அரிது. இரயில் பயணத்தில் படித்து, இறங்கும் நிலையத்தில் மறந்துவிட்டுப் போகும் பொருளாகவே அது பெரும்பாலும் கருதப்படுகிறது. கொலையாளி யாரென்று தெரிந்த பின் அந்தப் புத்தகத்திற்கு வேலையில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறாண்டுகள் கழித்து, 1951-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு துப்பறியும் புதினம் இந்தப் பொது விதிக்குள் அடங்கவில்லை. அதன் கடைசிப் பக்கத்தைப் படித்தவர்கள் நூலகங்களுக்குப் போய்ப் பழைய ஆவணங்களைத் தேடினர், சங்கம் சேர்ந்தனர், ஒருவரையொருவர் மறுத்து எழுதினர். வாசகர் கூட்டமே ஒரு நீதிமன்றமாக அமர்ந்து வழக்கு நடத்தியது. அந்த வழக்கில் இன்றுவரை இறுதித் தீர்ப்பு எழுதப்படவில்லை.

அந்நூல் ஜோசபின் டே எழுதிய ‘தி டாட்டர் ஆஃப் டைம்’. தமிழில் ‘காலத்தின் மகள்’ எனலாம். உண்மையைக் காலம் ஈன்ற மகளாகக் கூறும் பழைய ஐரோப்பிய முதுமொழி ஒன்றே தலைப்பாயிற்று. காலம் கனிந்தால் உண்மை தானே வெளிப்படும் என்பது அதன் கருத்து. அந்த முதுமொழி மெய்தானா என்பதே அந்நூலைச் சுற்றி எழுந்த எதிர்வினைகள் அனைத்திற்கும் அடியில் உள்ள கேள்வி.

நூலும் ஆசிரியரும்

டே என்பது புனைபெயர். எலிசபெத் மக்கிண்டாஷ் என்பது இயற்பெயர். 1896-இல் ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரில் பிறந்தவர்; உடற்பயிற்சி ஆசிரியையாகப் பணியாற்றியவர். கார்டன் டேவியட் என்னும் ஆண் பெயரில் நாடகங்களும் எழுதினார். 1932-இல் மேடையேறிய அவரது ‘ரிச்சர்டு ஆஃப் போர்டோ’ நாடகம் ஜான் கீல்குட் என்னும் இளம் நடிகரைப் பெரும்புகழுக்கு உயர்த்தியது. பேட்டியையும் விளம்பரத்தையும் விரும்பாது வாழ்ந்த அவர், ‘காலத்தின் மகள்’ வெளிவந்த அடுத்த ஆண்டே, 1952 பிப்ரவரியில் மறைந்தார். தம் நூல் எழுப்பிய ஆரவாரத்தின் பெரும்பகுதியை அவர் காணவில்லை.

கதை எளியது. ஸ்காட்லாந்து யார்டு துப்பறிவாளர் ஆலன் கிராண்ட், குற்றவாளி ஒருவனைத் துரத்தும்போது தரைக்கதவு வழியே விழுந்து காலை முறித்துக்கொண்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். பொழுது போகாத அவருக்கு, நடிகையான தோழி மார்ட்டா ஹாலர்டு பழைய உருவப்படங்கள் சிலவற்றைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். முகத்தைப் பார்த்துக் குணத்தை எடைபோடுவதில் கிராண்டுக்குத் தனி ஈடுபாடு. ஒரு படத்திலுள்ள முகத்தைக் கண்டு, பொறுப்பின் சுமையால் நலிந்தவர், மனச்சான்று மிக்கவர், நீதிபதியாகக்கூட இருந்திருக்கலாம் என்று எண்ணுகிறார். படத்தைத் திருப்பிப் பார்த்தால் பெயர் மூன்றாம் ரிச்சர்டு!

ஆங்கில நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த கொடுங்கோலன் அவன். 1483-இல் அவனுடைய அண்ணன் நான்காம் எட்வர்டு இறந்தபோது மூத்த மகனுக்கு வயது பன்னிரண்டு, இளையவனுக்கு ஒன்பது. காப்பாளனாக வந்த சித்தப்பனே அரியணை ஏறினான். இலண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்டிருந்த சிறுவர் இருவரையும் அந்த ஆண்டின் கோடைக்குப் பின் எவரும் கண்டதாகத் தெரியவில்லை. 1485 ஆகஸ்டு 22-இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் ரிச்சர்டு மாண்டான்; வென்ற ஹென்றி டியூடர் ஏழாம் ஹென்றி ஆனான். தோற்றவன் கதையை வென்றவனின் காலத்தவர் எழுதினர். தாமஸ் மோர் எழுதிய வரலாற்றைப் பிற்காலத்து நாளாகமங்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றிலிருந்து ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தை வடித்தார். கூன் முதுகும் சூம்பிய கையும் கொண்ட அந்த வஞ்சகன் மேடையில் நிலைபெற்றுவிட்டான்.

கிராண்ட் இந்த வழக்கைப் புதிய கொலைவழக்கைப் போலவே விசாரிக்கிறார். பிரெண்ட் காரடைன் என்னும் அமெரிக்க இளைஞன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆவணங்களைத் தேடித் தருகிறான். முதல் சாட்சியே ஆட்டம் காண்கிறது. மோர் பிறந்தது 1478-இல். நிகழ்ச்சிகள் நடந்தபோது அவர் ஐந்து வயதுப் பாலகன். சிறுவயதில் அவர் பணிவிடை செய்து வளர்ந்தது ஜான் மார்ட்டன் இல்லத்தில். அந்த மார்ட்டனோ ரிச்சர்டின் பகைவர். ஏழாம் ஹென்றியின் ஆட்சியில் பேராயராகவும் பின்னர்க் கர்தினாலாகவும் உயர்ந்தவர். ஆகவே மோரின் சாட்சியம் செவிவழிச் செய்தி என்று தள்ளப்படுகிறது. அண்ணன் மக்கள் முறையான வாரிசுகள் அல்லர் என்று 1484-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஏழாம் ஹென்றி படிக்காமலே நீக்கச் செய்து, பிரதிகளையும் அழிக்க ஆணையிட்டான் என்பது அடுத்த தடயம். சிறுவர்கள் உயிரோடிருந்தால் யாருக்கு அதிக ஆபத்து என்னும் கேள்வி வழியே சென்று, கிராண்ட் குற்றத்தை ஹென்றியின் மேல் ஏற்றுகிறார். கட்டிலை விட்டு இறங்காமலே விசாரணை முடிகிறது.

போருக்குப் பிந்திய வாசகர்

இந்நூலை முதலில் கையிலெடுத்தவர்கள் யார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பங்கீட்டு அட்டையோடு கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது. ஆறாண்டுப் போரில் இரு தரப்புப் பிரசாரத்தையும் கேட்டவர்கள். வானொலி சொன்னது வேறு, கண் கண்டது வேறு என்னும் அனுபவம் உடையவர்கள். வென்றவர் எழுதும் வரலாற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஒரு புதினம் கேட்டபோது, அந்தக் கேள்வி ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையதாக அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

சிலப்பதிகாரத்தைக் கற்றறிந்த அவைக்கு இதன் ஈர்ப்பை விளக்க வேண்டியதில்லை. பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டு, சிலம்பை உடைத்துப் பாராமல் தீர்ப்புரைத்த மன்னனின் பிழை தமிழ் வாசகர் நெஞ்சில் ஆழப் பதிந்த ஒன்று. கிராண்ட் சொல்வதும் அதுவே: சிலம்பை உடைத்துப் பார், பரல் என்னவென்று பார்த்த பிறகு பேசு.

வரவேற்பு பெரிதாக இருந்தது. ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் துப்பறியும் நூல்களுக்கு மதிப்புரை எழுதிவந்த ஆந்தனி பௌச்சர் மிக உயர்வாகப் பாராட்டினார். நாற்பதாண்டு கழிந்தும் அந்த மதிப்புக் குறையவில்லை. 1990-இல் பிரிட்டனின் குற்றப் புதின எழுத்தாளர் சங்கம் எக்காலத்திற்கும் சிறந்த நூறு குற்றப் புதினங்களைத் தேர்ந்தபோது முதலிடம் பெற்றது இந்நூல். 1995-இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் அமைப்பு வெளியிட்ட பட்டியலில் நான்காம் இடம் பெற்றது.

ரிச்சர்டின் பெயரைத் துலக்க 1924-லேயே ‘வெள்ளைப் பன்றி நட்புக் குழு’ என ஒரு சிறு குழு தோன்றியிருந்தது. வெள்ளைக் காட்டுப்பன்றி ரிச்சர்டின் இலச்சினை. போர்க்காலத்தில் சோர்ந்து கிடந்த அந்தக் குழு 1956-இல் புத்துயிர் பெற்று, 1959-இல் மூன்றாம் ரிச்சர்டு சங்கம் எனப் பெயர் மாறியது. டேயின் புதினமும், 1955-இல் லாரன்ஸ் ஒலிவியே நடித்து இயக்கிய ஷேக்ஸ்பியர் திரைப்படமும் அந்த மறுமலர்ச்சிக்குத் தூண்டுதலாயின. ஒரு நூல் அவனுக்காகப் பரிந்து பேசியது. ஒரு படம் பழைய பழியை மீண்டும் காட்டியது. இரண்டுமே ஆட்களைச் சேர்த்தன.

மறுப்புகள்

பாராட்டைக் காட்டிலும் மறுப்புகளே இந்நூலின் வாசிப்பு வரலாற்றைச் செழுமைப்படுத்தின.

புதிய கண்டுபிடிப்பு என்று இதில் ஏதும் இல்லை என்பது முதல் மறுப்பு. பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பக், 1768-இல் ஹொரேஸ் வால்போல், 1906-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் எனப் பலர் ரிச்சர்டுக்காக வாதாடியிருக்கின்றனர். இதை டே மறைக்கவில்லை. நூலின் முடிவில் காரடைனே இதைக் கண்டறிந்து மனம் சோர்கிறான். பழைய வாதங்களைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே டேயின் பணி எனில் அது குறையாகாது.

இரண்டாம் மறுப்பு கனமானது. கிராண்ட் எல்லாச் சாட்சிகளையும் அழைக்கவில்லை. 1483-இல் இலண்டனில் இருந்த இத்தாலியத் துறவி டொமினிக் மான்சினி, அந்த ஆண்டின் இறுதியிலேயே தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தார். அதன் கையெழுத்துப்படி 1934-இல் பிரான்சின் லீல் நகரில் கண்டெடுக்கப்பட்டு 1936-இல் அச்சேறியது. சிறுவர்கள் மாண்டிருக்கக்கூடும் என்ற அச்சம் அப்போதே மக்களிடம் இருந்ததை அது காட்டுகிறது. புதினம் வெளிவரப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்த இச்சான்று விசாரணைக்குள் வரவில்லை. மேலும், ஏழாம் ஹென்றி 1485-இல் ரிச்சர்டு மேல் சாட்டிய குற்றப்பட்டியலில் கோபுரத்துக் கொலை இல்லையென்பது கிராண்டின் வலுவான வாதம். சிறுவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை என்பது மெய். ஆனால் குழந்தைகளின் குருதி சிந்தப்பட்டது பற்றிய பொதுப்படையான சொல் ஒன்று அதில் உண்டு என்பதை மறுப்பாளர்கள் சுட்டிக்காட்டினர்.

மூன்றாம் மறுப்பு புனைவின் அறம் பற்றியது. உண்மை ஆவணங்களுக்கிடையே ஆலிஃபண்ட் என்னும் கற்பனை வரலாற்றாசிரியர் ஒருவரையும் டே உலவ விடுகிறார். எது ஏடு, எது புனைவு என்று பொது வாசகர் பிரித்தறிய இயலாது. கிராண்ட் பார்த்து மயங்கிய உருவப்படமோ ரிச்சர்டு இறந்து நூறாண்டளவில் தீட்டப்பட்ட படி. அந்த முகத்தைக் கண்டு மருத்துவர் ஒருவர் நோயைப் படிக்கிறார், தாதி ஒருத்தி கல்லீரல் கோளாற்றைப் படிக்கிறாள் என்று டேயே காட்டுகிறார். அவரவர் தொழிலையே அவரவர் அந்த முகத்தில் கண்டனர் எனில், கிராண்ட் கண்ட மனச்சான்றுக்கு மட்டும் என்ன உறுதி?

அமெரிக்காவில் கை டவுன்செண்டு என்பவர் 1977-இல் துப்பறியும் இலக்கிய இதழொன்றில் டேயைக் கடுமையாக மறுத்து எழுதினார். 1992-இல் அலிசன் வெயர் வெளியிட்ட நூல் ரிச்சர்டே குற்றவாளி என்று முடித்தது. 2020-இல் வரலாற்றாய்வாளர் டிம் தார்ன்டன், கொலை செய்தவனாக மோர் பெயர் குறிக்கும் மைல்ஸ் ஃபாரஸ்ட்டின் புதல்வர்கள், மோரின் காலத்தில் அரசவைப் பணியில் இருந்ததை எடுத்துக்காட்டினார். வெறும் செவிவழிச் செய்தி என்று கிராண்ட் தள்ளிய சாட்சிக்கு, விவரம் அறிந்தவர்களை நேரில் கேட்கும் வாய்ப்பு இருந்திருக்கலாம் என்று இதனால் தெரிகிறது.

எழுத்தாளர்களின் எதிர்வினை நூல்களாகவே வந்தது. எலிசபெத் பீட்டர்ஸ் 1974-இல் ரிச்சர்டு அன்பர்களின் கூட்டமொன்றையே களமாக்கி நகைச்சுவை ததும்பும் மர்மப் புதினம் எழுதினார். காலின் டெக்ஸ்டர் 1989-இல் தம் துப்பறிவாளர் மோர்ஸை மருத்துவமனையில் படுக்கவைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கால்வாய்க் கொலையொன்றை விசாரிக்கச் செய்தார். கிராண்டின் கட்டில் துப்பறியும் இலக்கியத்தில் ஓர் உத்தியாகவே நிலைத்துவிட்டது.

டோனிபாண்டி

எல்லா எதிர்வினைகளிலும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது வேல்ஸ் நாட்டிலிருந்து எழுந்தது.

நடவாத ஒன்று நடந்ததாகப் பரவி, உண்மை அறிந்தவர்கள் வாய் திறவாததால் வரலாறாகிவிடும் நிலைக்குக் கிராண்ட் ஒரு பெயர் சூட்டுகிறார். அது ‘டோனிபாண்டி’. வேல்ஸ் நாட்டின் சுரங்க ஊர் அது. 1910-இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். தொழிலாளர் மேல் படை ஏவப்பட்டது என்னும் மக்கள் நினைவு வெறும் கட்டுக்கதை. வந்தவர்கள் ஆயுதமற்ற இலண்டன் காவலர்கள். சிந்திய குருதி ஓரிரு மூக்குகளிலிருந்து மட்டுமே என்கிறார் கிராண்ட். அந்தச் சொல் வாசகரிடையே வேகமாகப் பரவியது. ரிச்சர்டு அன்பர்கள் பொய் வரலாறு எதைக் கண்டாலும் ‘டோனிபாண்டி’ என்றனர்.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் மக்களுக்கு அது பழமொழி அன்று. பாட்டனார் காலத்து வாழ்க்கை. அங்கே துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை என்பது சரி. ஆனால் படை வந்தது, மாதக்கணக்கில் தங்கியது. காவலரோடு நேர்ந்த மோதலில் பலர் காயமுற்றனர். தலையில் அடிபட்ட சுரங்கத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1911-இல், அதே வேல்ஸின் லனெத்லி ஊரில் இரயில்வே வேலைநிறுத்தத்தின்போது படையினர் சுட்டதில் இருவர் மாண்டனர். மக்கள் நினைவில் இரண்டும் கலந்திருக்கலாம். ஆனால் மூக்கில் வழிந்த குருதி என்று சுருக்கிச் சொல்வது இறந்தவருக்குச் செய்யும் நீதியாகாது.

ஒரு மன்னனின் பெயரைக் காக்கப் புறப்பட்ட நூல், ஒரு தொழிலாளியின் சாவை ஒரு வரியில் துடைத்துவிட்டது. பொய்யை வென்றதாகப் பெருமிதம் கொண்ட வாசகர்கள் தாமே ஒரு புதிய பொய்யை நாவில் சுமந்து திரிந்தனர். எப்பொருளையும் சொன்னவர் யாரென்று பாராது, சொன்னதன் மெய்யை ஆராய வேண்டும் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வகுத்த நெறி மோருக்குப் பொருந்துவது போலவே டேக்கும் பொருந்தும். இதைக் கண்டுகொண்டு, கிராண்டின் அளவுகோலால் கிராண்டையே அளந்த வாசகரே அந்நூலின் நல்வாசகர். அப்படி அளக்கக் கற்றுக்கொடுத்ததும் அதே நூல்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எலும்புகள் சொன்னதும் சொல்லாததும்

2012 ஆகஸ்டில் லெஸ்டர் நகரின் வாகன நிறுத்துமிடம் ஒன்றின் அடியில், பழைய மடாலயத்தின் இடிபாடுகளுக்கிடையே ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அகழாய்வுக்கு முன்னின்று உழைத்தவர் பிலிப்பா லாங்லி. டேயின் புதினத்தைவிட, பால் மர்ரே கெண்டல் 1955-இல் எழுதிய வாழ்க்கை வரலாறே அவரைத் தூண்டியது. நிதி குறைந்தபோது ரிச்சர்டு சங்கத்தின் உறுப்பினர்கள் பணம் அனுப்பி உதவினர். 2013 பிப்ரவரி 4-இல், ரிச்சர்டின் தமக்கையின் பெண்வழி வந்தோரின் மரபணுவோடு ஒப்பிட்டு, அது மூன்றாம் ரிச்சர்டின் உடலே என்று லெஸ்டர் பல்கலைக்கழகம் அறிவித்தது.

எலும்புகள் இரு தரப்பையும் திருத்தின. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஆகவே உடற்குறை முழுக்கவும் பகைவர் கட்டியது என்ற அன்பர்களின் நம்பிக்கை தளர்ந்தது. ஆனால் கூனும் சூம்பிய கையும் இல்லை. ஆகவே மேடை உருவமும் பொய்த்தது. தோள் சற்று ஏறி இறங்கிய ஒரு மனிதனைப் பகைமையும் கற்பனையும் சேர்ந்து அரக்கனாக்கியிருந்தன. பழியில் ஒரு துளி மெய் இருந்தது. அந்தத் துளியை வைத்தே முழுப் பொய்யும் வளர்ந்தது.

ஆனால் கோபுரத்துச் சிறுவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை அந்த எலும்புகள் சொல்லவில்லை. 1674-இல் கோபுரத்தில் கிடைத்து வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் தாழியில் வைக்கப்பட்ட சிறுவர் எலும்புகள் 1933-இல் ஒருமுறை ஆராயப்பட்டன, ஐயம் தீரவில்லை. சிறுவர்கள் தப்பிப் பிழைத்தனர் என்று காட்ட 2023-இல் லாங்லி ஐரோப்பிய ஆவணங்கள் சிலவற்றை முன்வைத்தார். வரலாற்றாசிரியர் பலர் அதை ஏற்கவில்லை. காலம் தன் மகளை இன்னும் முழுமையாக ஈன்றெடுக்கவில்லை.

கவிஞர்களுக்கு ஒரு சொல்

இந்த வழக்கில் மிகுந்த பொறுப்பு உடையவர் மோரும் அல்லர், மார்ட்டனும் அல்லர், ஒரு கவிஞர். ஷேக்ஸ்பியரின் சொல் இத்தனை அழகாக இல்லாதிருந்தால் ரிச்சர்டின் பழி ஏட்டளவில் மங்கிப் போயிருக்கும். அழகாகச் சொல்லப்பட்டது எளிதில் அழிவதில்லை. பொய்யாக இருந்தாலும் அப்படியே. டேயும் அதே ஆற்றலைத்தான் பயன்படுத்தினார். இனிய நடையும் நகைச்சுவையும் அன்புக்குரிய பாத்திரங்களும் இருந்ததால்தான் வாசகர்கள் ஏழாம் ஹென்றியைத் தயக்கமின்றிக் கொலையாளி என்று ஏற்றனர். ஒருவன் மேலிருந்த பழியைத் துடைத்த கை, போதிய சான்றில்லாமல் அதை மற்றொருவன் மேல் பூசியது. இறந்தவர்களைப் பற்றி எழுதும் எவருக்கும் இந்த ஆபத்து உண்டு. மறுமொழி சொல்ல அவர்கள் எழுந்து வரப்போவதில்லை. அவர்களுக்காகக் கேள்வி கேட்க வாசகர் மட்டுமே உண்டு.

2015 மார்ச் 26-இல் லெஸ்டர் தேவாலயத்தில் ரிச்சர்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டான். அந்நாளில் பிரிட்டனின் அரசவைக் கவிஞராக இருந்த கேரல் ஆன் டஃபி அவனுக்காக ஒரு கவிதை எழுதினார். அதைத் தேவாலயத்தில் படித்தவர் நடிகர் பெனடிக்ட் கம்பர்பாட்ச். அடுத்த ஆண்டு, 2016-இல், தொலைக்காட்சியில் ஷேக்ஸ்பியரின் கொடிய ரிச்சர்டாக நடித்தவரும் அவரே. ஒரே குரல் அவனுக்காக இரங்கியது. அதே குரல் அவன் பழியையும் சுமந்தது. இரண்டும் கவிதை. இரண்டையும் கேட்டு, இரண்டையும் ஐயுற்று, இரண்டையும் சுவைக்கக் கூடிய வாசகர் கூட்டத்தை ஒரு துப்பறியும் புதினம் உருவாக்கியது. அத்தகைய வாசகரை வளர்ப்பதே இலக்கிய வட்டங்களின் பணியும் ஆகும்.